வலையில் விழுந்த பொறி

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர மத்தியில் ரைனோல்டித் தேவாலயம் என்றொரு புராதன ஆலயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்து மீண்டும் எழுந்த அதன் நிழலில், அகதியாய் வந்த நாள் முதல் முப்பது வருஷமாக வேலைக்குப் போய்த் திரும்பியவன் நான். 2017 ஜனவரி முதல் வாரத்தில், கனடாவிலிருந்து தங்கை பதறிக்கொண்டு பேசினாள்: "அண்ணை, உங்கட ஊரிலை ஆயிரம் பேர் சேர்ந்து சேர்ச்சைக் கொளுத்திப் போட்டாங்களாம், வெளியிலை போகாதேங்கோ." அன்று காலைதான் அதன் வாசலைக் கடந்து பாண் வாங்கி வந்திருந்தேன்.

அவளுக்கு வந்த செய்தியின் மூலம், ஆண்ட்ரூ பிரைட்பார்ட் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்தாபித்து, 2012இல் அவர் மறைந்தபின் ஸ்டீவ் பானனின் கைக்கு வந்து, வலதுசாரிகளின் முரசாய் உரத்து ஒலித்த பிரைட்பார்ட் என்னும் இணையதளம். பானனோ 2016இல் டிரம்பின் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கப் போனார். செய்தி நடத்துபவருக்கும் கட்சி நடத்துபவருக்கும் இடையே இருந்த வேலி அத்துடன் போயிற்று.

புத்தாண்டிரவில் நடந்ததை உள்ளூர்ப் பத்திரிகை முன்னமே எழுதியிருந்தது: சதுக்கத்தில் ஆயிரம் பேர் அளவில் கூடியதும், சிலர் காவலர் பக்கம் வாணம் எறிந்ததும், சிரியாவின் போர்நிறுத்தத்தைச் சிலர் இறைவன் பெயர் சொல்லிக் கொண்டாடியதும், ஆலயச் சாரத்தில் கட்டியிருந்த வலையில் ஒரு வாணப்பொறி விழுந்து, ஏறக்குறைய பன்னிரண்டு நிமிஷத்தில் அணைக்கப்பட்டதும் உண்மையே. இவற்றில் ஒவ்வொன்றையும் பிரைட்பார்ட் எடுத்து, நடுவிலிருந்த காரண காரியத்தை மட்டும் மாற்றிக் கோத்ததில், ஆயிரவர் கும்பலொன்று காவலரைத் தாக்கி, ஜெர்மனியின் மிகப் பழைய தேவாலயத்துக்குத் தீ வைத்த கதை பிறந்தது. முழுப் பொய்யைக் கட்டுபவனைவிட இப்படிக் கோப்பவன் கெட்டிக்காரன். செங்கல் எல்லாம் நிஜம், வீடுதான் பொய்.

விளக்கிச் சொன்னேன். "அங்கத்தைப் பேப்பர்காரர் மறைப்பினம், அண்ணை" என்றாள். அவ்வார்த்தையைத் தள்ளிவிடவும் எனக்கு இயலவில்லை. ஏனெனில் அதற்கு முந்திய புத்தாண்டிரவில் கொலோனில் பெண்கள் பலர் பாலியல் வன்முறைக்கு ஆளாகியும், இரவு பெரும்பாலும் அமைதியாய்க் கழிந்தது என்றே அந்நகரக் காவல்துறை மறுநாள் அறிக்கை விட்டிருந்தது. அந்தச் சந்தேகமே இத்தகைய தளங்களின் மூலதனம்.

அவளைக் கோபிக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. 2009இல் இலங்கைப் போரின் இறுதியில் வன்னி எரிந்த மாதங்களில், வெளி நிருபர்கள் உள்ளே விடப்படாதிருக்க, சாவுகளை உலகுக்குச் சொன்ன நம் தமிழ்த் தளங்களே புலிகளின் பின்வாங்கலை வியூகம் என்றும் எழுதின. என் வரவேற்பறையில் அதைச் சந்தேகித்த நண்பனைத் துரோகி என்று ஏசி வெளியே அனுப்பியவன் நான். அவன் திரும்பி வரவே இல்லை.

ரைனோல்டி ஜெர்மனியின் மிகப் பழைய தேவாலயம் அன்று என்பதைச் சில தினங்களில் பிரைட்பார்ட் ஒப்புக்கொண்டு திருத்திற்று. தங்கையிடம் கேட்டேன், அத்திருத்தம் அவளுடைய கைப்பேசிக்கு வரவில்லை.