பைன் காட்டுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டது யாரு?

கொடைக்கானலுக்கு ‘ஐ.வி.’ போயிருக்கீங்களா? பேருக்கு ஒரு ஃபேக்டரி, மீதி ரெண்டு நாள் ஊர் சுத்தல். குணா குகை, தூண் பாறைன்னு பஸ் நிக்கிற இடங்கள்ல பைன் காடும் கட்டாயம் இருக்கும். இறங்கின உடனே ஆளாளுக்கு ஒரு மரத்தைப் பிடிச்சு போஸ் கொடுப்போம். ‘செம நேச்சர்டா மச்சி!’ன்னு ஒருத்தன் சொல்லுவான்.

அடுத்த தடவை போறப்ப, கேமராவை எடுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க. ரெண்டு அடி இடது பக்கம் தள்ளி நின்னு பாருங்க. குழப்பமா தெரிஞ்ச மரங்கள் சட்டுனு ஒரு கோட்டுக்கு வந்து, நடுவுல ஒரு சந்து திறக்கும். இன்னும் ரெண்டு அடி தள்ளினா அது மூடி, வேற சந்து திறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் பஸ் ஜன்னல் வழியா தென்னந்தோப்பைப் பார்த்திருப்பீங்களே, அதே வித்தைதான். ஏன்னா இதுவும் தோப்புதான்! 1906-ல் பிரையன்ட் என்ற அதிகாரி மரத் தேவைக்காக ஆரம்பிச்ச தோட்டம் இது. பிரையன்ட் பூங்காவுக்குப் பேர் கொடுத்த அதே மனிதர்.

சமமான இடைவெளி விட்டு நட்டதுக்குக் காரணம் இருக்கு. பைன் வெளிச்சத்துக்கு ஏங்குற மரம். நெருக்கமா நட்டா, பக்கத்து மரத்தை முந்தணும்னு எல்லாமே நேரா மேலே போகும். வெயில் படாத கீழ்க்கிளைகள் காய்ஞ்சு விழுந்துடும். முடிச்சு குறைவான, நெட்டையான கட்டை கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் நடுநடுவே சிலதை வெட்டிக் களைப்பாங்க. நம்ம போட்டோவுக்குப் பின்னாடி நிக்கிற அழகான ‘தூண்கள்’, ஒரு மர வியாபாரக் கணக்கோட விடை.

அப்போ ஒரிஜினல் பைன் காடு எப்படி இருக்கும்?

மரங்கள் நிக்கிற விதம் மொத்தம் மூணு. ஒண்ணு, எக்ஸாம் ஹால்: எல்லாருக்கும் நடுவே ஒரே இடைவெளி. ரெண்டு, கேன்டீன்: இங்கே ஒரு கும்பல், அங்கே ஒரு கும்பல், நடுவுல காலி மேஜை. மூணு, முறத்துல இருந்து சிதறின அரிசி: எந்த ஒழுங்கும் கிடையாது.

அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்தின் தெற்கே, மனுஷன் நடாத ஒரு பழைய பைன் காடு இருக்கு. ‘லாங்லீஃப்’ங்கிற நீள இலைப் பைன். அங்கே 200 மீட்டருக்கு 200 மீட்டர் சதுரத்துல இருந்த 584 மரங்களையும் ஒண்ணு விடாம அளந்து, எது எங்கே நிக்குதுன்னு வரைபடம் போட்டாங்க. 1988-ல் வெளியான அந்த ஆய்வு சொன்ன கதை சுவாரஸ்யமானது. சின்ன மரங்கள் பக்கா கேன்டீன் கும்பல்! பெரிய மரம் ஒண்ணு விழுந்தா வெயில் இறங்குற ஒரு திட்டு உருவாகும். குட்டி மரங்கள் அங்கேதான் கூட்டமா வரும். பெரிய மரத்தடியில பிழைக்க முடியாது. அங்கே குவியுற காய்ஞ்ச ஊசி இலைகள், அடிக்கடி வர்ற தரைத் தீயில நல்லா எரிஞ்சு கன்றுகளைக் காலி பண்ணிடும். வளர வளர கும்பலுக்குள்ளேயே போட்டி. பல செத்து, மிஞ்சினது விலகி நிக்கும். அதனால வயசான மரங்கள்ல அந்தக் கும்பல் கலைஞ்சு போயிருக்கும். காலேஜ் முடிஞ்ச கேங் மாதிரியே!

இதை அளக்க ஆய்வகம் எல்லாம் வேண்டாம் பாஸ். கிளார்க், இவான்ஸ்னு ரெண்டு பேர் 1954-ல் ஒரு சுலபமான வழி சொன்னாங்க. ஒவ்வொரு மரத்துல இருந்தும் அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற மரம் எவ்வளவு தூரம்னு அளந்து, சராசரி எடுங்க. 100 மீட்டருக்கு 100 மீட்டர் இடத்துல 100 மரம் இருக்குன்னு வெச்சுக்கலாம். அரிசி மாதிரி சிதறியிருந்தா அந்தச் சராசரி 5 மீட்டர் வரணும். 3 மீட்டர்னு வந்தா கும்பல். 8 மீட்டர்னு வந்தா யாரோ ஸ்கேல் வெச்சிருக்காங்க! கட்டம் போட்டு நட்டிருந்தா சரியா 10 மீட்டர். கால் எட்டு வெச்சே அளந்து பார்க்கலாம். ஊசி இலை மெத்தை வழுக்கும், ஷூ முக்கியம்.

இனிதான் விஷயமே. பைன் நம்ம மலையோட மரம் கிடையாது. பழநி மலையில நட்ட பைன்கள்ல ஒண்ணான ‘பாட்டுலா’வுக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. தோட்டங்கள் வர்றதுக்கு முன்னாடி மேல்மலை முழுக்கப் புல்வெளி, மடிப்புகள்ல சோலைக்காடு. மழையை வாங்கி வெச்சுக்கிட்டு ஓடைகளுக்கு மெதுவா விடுற ஜோடி அது. ‘புல்லுதானே, சும்மா கிடக்கு’ன்னு நினைச்சு வாட்டில், யூகலிப்டஸ், பைன்னு வரிசை வரிசையா நட்டாங்க. பழநி மலையின் புல்வெளியில நாற்பது வருஷத்துல மூணுல ரெண்டு பங்கு காணாமப் போச்சுன்னு 2018-ல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு சொல்லுது. நட்ட மரங்களோட கதை முடிஞ்சதா? இல்லை. பைன் விதைக்கு இறக்கை உண்டு. காத்துல பறந்து, மிச்சமிருக்கிற புல்வெளியிலயும் வரிசையே இல்லாம முளைக்குது.

‘அப்ப எல்லாத்தையும் வெட்டிடலாமே?’ன்னு கேப்பீங்க. அது அவ்வளவு சுலபமில்லை. பழைய தோட்டங்கள் சிலதுல, அந்த நிழலுக்கு அடியிலேயே சோலை மரக் கன்றுகள் தானா முளைச்சு வருது. பக்கத்துச் சோலையில பழம் தின்ன பறவை போட்ட விதை. மொத்தமா வெட்டினா அதுவும் போயிடும், காலி இடத்துல வாட்டில் மாதிரி களைகள் புகுந்துடும். எங்கே வெட்டணும், எங்கே விட்டு வைக்கணும்னு இடம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். புல்வெளிக்குள்ள புதுசா நுழையுற பைன் கன்றுகளைச் சீக்கிரமே பிடுங்கிடறதுதான் நல்லது.

அதனால அடுத்த ட்ரிப்ல ஒரு சின்ன வேலை. வரிசைகளுக்கு நடுவே, கோட்டுக்குள்ள அடங்காம அகல இலையோட ஏதாவது ஒரு கன்று நிக்குதான்னு தேடுங்க. இருந்தா மிதிச்சுடாதீங்க. யாரும் நடாத, அந்த மலையே போட்ட புள்ளி அதுவா இருக்கலாம்.

இன்னொண்ணு. குறிஞ்சி வளர்றது திறந்த புல்வெளியில. 2006-லயும் 2018-லயும் பூத்துச்சு. அடுத்த முறை 2030. அப்போ உங்க கேங் ஆளுக்கொரு ஊர்ல இருக்கும். இருந்தாலும் தேதி குறிச்சு வெச்சுக்கிட்டு எல்லாரும் ஏறுங்க. பூக்கறதுக்குப் புல்வெளி எவ்வளவு மிச்சமிருக்குன்னும் பார்த்துட்டு வரலாம்.