சாம்பலையும் நொறுக்கு

கென்யா. 1915-இன் அரசு நிலச் சட்டம். வெள்ளைக் குடியேறிகளுக்கு 999 ஆண்டுக் குத்தகை.

999. எத்தனை தலைமுறை? எண்ணிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

சில ஆண்டுகளில் நீதிமன்றமும் சொன்னது: ஆப்பிரிக்கர் தம் பாட்டன் நிலத்தில் மன்னர் விரும்பும்வரை இருக்கலாம்.

கிப்பாண்டே. 16 வயது நிரம்பிய ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் மாட்டித் திரிந்த உலோகக் கூடு. உள்ளே மடித்த தாள். பெயர், இனக்குழு, கைரேகை, யாரிடம் வேலை, என்ன கூலி. வேலையை விட்டால் முதலாளி அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவன் ஓடிப்போனவன். குற்றவாளி.

கிக்குயூ மக்கள் அதை ஆட்டுக் கழுத்து மணி என்றார்கள்.

1930 வரை கென்யாவிலும் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். நம் வாயில் ஊறிய 302, 420 எல்லாம் நைரோபி கோர்ட்டிலும் புழங்கிய எண்கள்.

1957 ஜூன். அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ், ஆளுநர் பேரிங்குக்கு அனுப்பிய குறிப்பு. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளை அடிப்பது பற்றி. மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் இருக்கும் இடங்களில் அடி விழக் கூடாது. அடிப்பவர் பதற்றமில்லாமல் இருக்க வேண்டும்.

பாவம் செய்வதானால் சத்தமில்லாமல் செய்வோம் என்றும் எழுதியிருக்கிறார். சட்டம் படித்தவர்.

1959 மார்ச் 3, ஹோலா தடுப்பு முகாம். 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். முதல் அரசு அறிக்கை: தண்ணீர் வண்டியில் தண்ணீர் குடித்தபின் இறந்தார்கள்.

தண்ணீர் மேல் பழி.

1961. விடுதலைக்கு முன் கோப்புகளைப் பிரிக்க உத்தரவு. சிலவற்றில் 'டபிள்யூ' முத்திரை. ஐரோப்பிய வம்சாவளி அதிகாரி மட்டும் தொடலாம்.

எரித்தால் சாம்பலையும் நொறுக்க வேண்டும். கடலில் போட்டால் கனம் கட்டிய பெட்டி, நீரோட்டமில்லாத ஆழம்.

எரியாமல் தப்பிய சுமார் 1,500 கென்யக் கோப்புகள் 1963-இல் இங்கிலாந்துக்குப் போயின. கென்யா திருப்பிக் கேட்டது. கொடுக்கவில்லை.

அந்தக் கிளர்ச்சிக் காலத்தில் அடிபட்ட வயதான கென்யர்கள் சிலர் லண்டனில் போட்ட வழக்கு. அதன் நெருக்கடியில்தான் 2011-இல், ஹான்ஸ்லோப் பார்க் என்ற பிரிட்டிஷ் அரசு வளாகத்தில் அந்தக் கோப்புகள் இருப்பது வெளியே வந்தது. கென்யா மட்டுமில்லை, 37 காலனிகளின் கோப்புகள்.

2013-இல் 5,228 பேருக்கு இழப்பீடு. 1950-களில் அடிபட்டவர்கள். அதுவரை உயிரோடு இருந்தவர்களுக்குத்தான்.

மாவ் மாவ் தலைவர் டெடான் கிமாதியைத் தூக்கிலிட்ட நாள் பதிவாகியிருக்கிறது: 1957 பிப்ரவரி 18. உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை.

முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று மனைவி முகாமி கேட்டுக்கொண்டே இருந்தார். 2023-இல் இறந்தார். அதுவரையும் உடல் வரவில்லை.