இரண்டாம் அறுவைக்கு நாள் எது?

கண்புரை அறுவை என்றால் இன்று நம் குடும்பங்களில் அநேகர் அஞ்சுவதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்தப் பங்கிலும், காலையில் சென்று மாலையில் கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிய முதியோர் பலர் உளர். திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் நின்று தம் அனுபவத்தை விரித்துரைப்பதில் அவர்களுக்கு ஓர் இன்பம். தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாது படுக்கச் செய்து, முடிவில் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தனுப்பிய பழைய நாட்களை அறிந்தவர்களுக்கு இது அதிசயமே.

ஆயினும் ஒருசிலருக்கு அந்த ஓர் அறுவையோடு காரியம் முடிவதில்லை. மறுபடியும் அறுவை வேண்டும் என்று கேட்டதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "உடனேயா, பொறுத்தா?" என்பது.

சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மாவுக்கு இந்நிலை நேர்ந்தது. நெடுநாள் முற்றவிட்ட புரை, கல்லாக இறுகியிருந்தது. அதை எடுக்கையில் லென்சைத் தாங்கும் மெல்லிய உறை பின்புறம் கிழிந்து, புரையின் துண்டொன்று கண்ணின் உட்புறத்தில், முட்டை வெண்கரு போன்ற திரவத்தினுள் விழுந்துவிட்டது. கை தேர்ந்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு. மருத்துவர் அன்றே ஒளிக்காமல் கூறினார்: அதை விழித்திரை மருத்துவர்தாம் எடுக்கவேண்டும், ஒரு வாரம் கழித்துப் பார்ப்போம், அதுவரை சொட்டு மருந்தும், கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும்.

வீட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற சித்தப்பா, "எஞ்சினுக்குள் துண்டு விழுந்தால் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போமா அண்ணி? இன்றே எடுக்கச் சொல்லுங்கள்" என்றார். பூந்தமல்லி அத்தையோ, "புண் முழுக்க ஆறட்டும் அண்ணி, தை பிறந்தபின் பார்க்கலாம்" என்றார். தைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது!

இரண்டும் பொருந்தாது என்பதை மருத்துவரே விளக்கினார். முதல் அறுவையின் அலுப்பில் கருவிழி வீங்கி, பனி படிந்த சன்னல்போல் மங்கியிருக்கும். அதன் வழியே உள்ளே பார்த்து நுட்பமான வேலை செய்வது கடினம். சில நாட்களில் அது தெளியும். துண்டு மிகச் சிறிதாயின் மருந்திலேயே கரைந்து போவதும் உண்டு. ஆனால் பெரிய துண்டை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் உள்ளே அழற்சி மிகுந்து, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடும். ஆகையால் அவர் குறித்தது வெறும் காத்திருப்பன்று. இரண்டு நாளுக்கொருமுறை அழுத்தம் பார்த்து, அது அடங்காவிடில் அன்றே அறுவை என்ற காத்திருப்பு. பெரியம்மாவுக்கு ஒன்பதாம் நாள் துண்டு எடுக்கப்பட்டு, லென்சும் பொருத்தப்பட்டது.

லென்சு இரண்டாம் முறையில் வைக்கப்படுவது புதுமையுமன்று. 1949 நவம்பரில் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி ஒரு பெண்மணிக்குப் புரையை எடுத்தார். உலகின் முதல் செயற்கை லென்சை அக்கண்ணில் நிலையாகப் பொருத்தியது 1950 பிப்ரவரியில்தான்.

எங்கள் கதை தெருவில் பரவியதில் ஒரு கேடும் விளையவிருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் அறுவை செய்துகொண்ட அண்டை வீட்டுப் பெரியவருக்கு ஒருநாள் கண்ணில் மின்னல் வெட்டியது, கரும்பொட்டுகள் மிதந்தன, மறுநாள் ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்தது. "உங்கள் பெரியம்மாவும் ஒன்பது நாள் பொறுத்தாரே" என்று அவர் மகன் எங்களிடமே வந்து சொன்னார். திரை இறங்குவது விழித்திரை பிரிவதன் அடையாளம். அதன் நடுப்பகுதி பிரியுமுன் சென்றால்தான் கூர்பார்வையைக் காக்கமுடியும் என்று எடுத்துச் சொல்லி, அன்று மாலையே மின்தொடர் வண்டியில் ஏற்றினோம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குத் தொலைவா என்ன? நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருந்ததால் மறுநாளே அறுவை நடந்தது. இன்று அவர் செய்தித்தாள் படிக்கிறார்.

இதனினும் கொடிது கிருமித் தொற்று. பெரும்பாலும் முதல் வாரத்தில், கண் சிவந்து, வலி மிகுந்து, தெளிந்துவந்த பார்வை திடீரென மங்கும். அப்போது விடியட்டும் என்றிருத்தலாகாது. கண்ணுக்குள் மருந்து செலுத்துவதா, உட்திரவத்தையே அகற்றுவதா என்பதை மணிக்கணக்கில் முடிவு செய்யவேண்டும்.

மாறாக, பல மாதங்கள் கழித்து மெல்ல மங்கினால் பதற வேண்டுவதில்லை. புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்பர், வளர்வதில்லை. லென்சின் பின்னுள்ள உறைதான் மங்கலாகிறது. சில நிமிட லேசர் ஒளியால் அது நீங்கும். அதையும் பொதுவாக மூன்று மாதங்களேனும் கடந்தபின்னரே செய்வர்.

பெரியம்மாவின் மற்றக் கண்ணிலும் புரை உண்டு. அதற்கு நாள் குறிக்கச் சென்றபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "விழித்திரை டாக்டரும் அன்றைக்கு இருப்பாரா, ஐயா?" என்பதே. மருத்துவர் சிரித்துவிட்டு, அவர் வரும் நாளான செவ்வாய்க்கிழமையையே குறித்துக் கொடுத்திருக்கிறார்.