பாகன் இருக்கை

ஃபெராரி எஃப் 40 காரின் கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது. ஒரு கயிறு இருக்கும், அதை இழுக்க வேண்டும். தரைவிரிப்பு இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 1987இல் வந்த கார். என்ஸோ ஃபெராரி தன் வாழ்நாளில் ஒப்புதல் தந்த கடைசிக் கார் இது என்பார்கள். இரண்டு டர்போ பூட்டிய 2.9 லிட்டர் வி8 எஞ்சின், 478 குதிரைத்திறன், மணிக்கு 324 கிலோமீட்டர். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பேராசிரியை தெரிந்துவைத்திருப்பது பற்றி எங்கள் துறை ஓய்வறையில் ஒரு சிரிப்பு உண்டு. சிரித்துக்கொள்ளட்டும்.

நான் அந்தக் காரை ஓட்டுவது பிளேஸ்டேஷனில், கிரான் டூரிஸ்மோ 7 விளையாட்டில். மகன் கல்லூரி விடுதிக்குப் போனபின் வீட்டில் மிஞ்சிய பெட்டி அது. விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் சின்னச் சின்னப் பந்தயங்கள் ஓட்டி, மூன்று மாதம் விளையாட்டுக் காசு சேர்த்து அந்தக் காரை வாங்கினேன். பிறகு டியூனிங் கடைக்குள் போனேன். எடையைக் குறைத்தேன், சஸ்பென்ஷனை மாற்றினேன், டயரை மாற்றினேன். எஞ்சினின் சக்தியை மட்டும் தொடவில்லை. இருப்பதே போதும்.

மாற்றிய காரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. விளையாட்டு நமக்கு உதவிகள் தருகிறது. சக்கரம் வழுக்கினால் சக்தியைக் குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் ஐந்து படிகளில் இருக்கிறது. கார் சுழலப்போனால் தானே பிரேக் போட்டு நேராக்கும் ஓர் ஏற்பாடும் உண்டு. நிஜ எஃப் 40இல் இல்லாத ஏபிஎஸ்ஸைக்கூட விளையாட்டு இரவல் தருகிறது. இவை போட்டிருக்கும்வரை கார் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. உதவி என்ன செய்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகிய பயிற்சிப் பள்ளியின் காரில் இரண்டாவது பிரேக் ஒன்று இருந்தது, பயிற்சியாளரின் காலடியில். நான் பிடித்ததால் கார் நின்றதா, அவர் பிடித்ததால் நின்றதா என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. உரிமம் வாங்கிய பிறகு வீட்டுக் காரில் அந்த இரண்டாவது பிரேக் இல்லை. ஆனாலும் பக்கத்து இருக்கையில் என் கணவரின் வலது கால் ஒவ்வொரு சிக்னலிலும் தரையை அழுத்தும். அவருக்கே தெரியாமல் அழுத்தும், பாவம்.

டிராக்ஷன் கன்ட்ரோலை ஐந்திலிருந்து ஒவ்வொரு படியாகப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். சுழற்சித் தடுப்பை அணைத்தேன். ஏபிஎஸ்ஸையும் அணைத்தேன்.

சோதிக்க நான் எடுத்துக்கொண்ட தடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள பழைய வடக்குச் சுற்று. ஐஃபெல் மலைக்காட்டுக்குள் 1927இல் திறந்த பாதை. ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள். 1976இல் நிக்கி லாவுடா இங்கே தீயில் சிக்கிய பிறகு ஃபார்முலா 1 பந்தயம் இந்தப் பாதைக்குத் திரும்பி வரவில்லை. சபீன் ஷ்மிட்ஸ் என்ற பெண் இந்தக் காட்டின் நடுவே, பெற்றோர் நடத்திய விடுதியில் வளர்ந்தவர். இங்கு நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தை 1996இலும் 1997இலும் வென்ற அணிகளில் இருந்தவர். பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சிக்காக ஒரு ஃபோர்டு டிரான்ஸிட் சரக்கு வேனை இந்தச் சுற்றில் 10 நிமிடம் 8 விநாடியில் ஓட்டிக் காட்டினார். 2021இல், 51 வயதில், புற்றுநோயில் இறந்தார். அதே ஆண்டு ஒரு வளைவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். உதவிகளை அணைத்துவிட்டு நான் ஓட்டிய முதல் முழுச்சுற்று பதினொரு நிமிடத்தைத் தாண்டியது. 478 குதிரைகளை வைத்துக்கொண்டு ஒரு சரக்கு வேனிடம் தோற்றேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

சோதனைக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். பழைய வருகைப்பதிவேடு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டேன். மாற்றியது என்ன, சுற்று நேரம் என்ன, எங்கே சுழன்றேன் என்று மூன்று பத்தி. ஷ்வேடன்க்ராய்ஸ் என்ற இடத்தில் மேடேறி இடப்பக்கம் திரும்பும் அதிவேக வளைவு ஒன்று உண்டு. அங்கே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்சக்கரங்களுக்குப் போய், பின்பக்கம் லேசாகி, எஞ்சினின் கனம் காரைச் சுழற்றிவிடும். டிஃபரன்ஷியலில், ஆக்ஸிலரேட்டரை விடும்போது பின்சக்கரங்கள் இரண்டையும் எவ்வளவு இறுக்கிப் பிணைப்பது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அதைக் கூட்டினேன். பின்பக்கச் சுருளைச் சற்று மென்மையாக்கினேன். டாட்டிங்கர் ஹோஹே நேர்பாதையில் கடைசி கியரிலும் எஞ்சின் உச்சத்தை முட்டிக் கத்தியது. கியர் விகிதத்தை நீட்டினேன். டர்போவுக்குத்தான் மருந்து இல்லை. அழுத்தினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒன்றாக நடக்கும். அதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வாரம் பதிவேட்டில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: பயந்த இடம். வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் என் விரல் தானாக எழுந்த இடங்கள். பதினொன்று வந்தன. காரைச் சரிசெய்யச் சரிசெய்ய நான்கு இடங்கள் தாமாக மறைந்தன. அவை காரின் பயம். மூன்று இடங்களில் மேட்டுக்கு அப்பால் பாதை கண்ணுக்குத் தெரியாது. அங்கே பயப்படுவது அறிவு, அதை வைத்துக்கொண்டேன். மிச்சம் நான்கு. பாதை தெரிகிறது, கார் உறுதியாக நிற்கிறது, பின்னணியில் மரங்கள், வேறொன்றும் இல்லை. ஆனாலும் விரல் எழுகிறது. இந்த நான்கும் யாருடையவை?

என் அண்ணன் பதினான்கு வயதில் கோயில் திடலில் டிவிஎஸ் 50 பழகினான். அவன் கைக்கடிகாரத்தையும் செருப்பையும் பிடித்துக்கொண்டு நான் வேப்பமரத்தடியில் நின்றேன். எத்தனை தடவை விழுந்தான் என்று எண்ணியிருக்கிறேன். முழங்காலில் தோல் உரிந்து வந்தால் அம்மா தேங்காய் எண்ணெய் தடவுவாள், அப்பா சிரிப்பார். விழுவது ஒரு பையனின் பாடத்திட்டத்தில் இருந்தது. எனக்கு ஒரு சுற்றுத் தரச் சொல்லிக் கேட்டபோது, ‘விழுந்து மூஞ்சி கீஞ்சி பேந்துச்சுன்னா யாரு கட்டிக்குவா’ என்றார்கள். யார் சொன்னது என்பது நினைவில்லை. அங்கே இருந்த யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

பெண்ணுக்குரியவை என்று தொல்காப்பியம் சொல்வனவற்றில் முதலில் நிற்பது அச்சம். ஒவ்வோர் ஆண்டும் அந்த நூற்பாவை நடத்துகிறேன். உரையாசிரியர்கள் அச்சத்துக்குப் பொருள் சொல்வார்கள், எதைக் கண்டு அச்சம் என்று வகைப்படுத்துவார்கள். அதை எப்படி உடம்புக்குள் வைத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. முல்லைப் பாடல்களில் தேர் வருகிறது. தலைவன் பாகனை விரைந்து செலுத்தச் சொல்கிறான். அகநானூற்றில் ஒருவன், துணையோடு இருக்கும் வண்டுகள் கலங்கிவிடக்கூடாது என்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். எனக்குப் பிடித்த பாட்டு. ஆனால் வேகமும் சரி, வேகத்தின் கருணையும் சரி, தேரில்தான் இருக்கின்றன. அவள் பாதையின் இந்த முனையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். பாகன் இருக்கையில் அவளை உட்காரவைத்துப் பார்த்த புலவர் எவரும் இல்லை. தேர்ச்சக்கரம் நண்டை நசுக்குவதைப் பார்த்தவர்கள்தான் அவர்கள், கண் கூர்மையானவர்கள்.

‘மோதினா ஒண்ணும் ஆகப்போறதில்ல. அப்புறம் அதுல என்ன பயம், என்ன தைரியம்?’ என்றார் கணவர் ஒருநாள், சோபாவின் கையில் உட்கார்ந்துகொண்டு. நியாயமான கேள்விதான். தைரியம் என்று நானும் சொல்லவில்லை. ‘ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சும் விரல் தூக்குதுங்க. அதான் பாக்கறேன்’ என்றேன். அடுத்த வளைவில் நான் திரும்பும்போது அவர் கால் தரையை அழுத்தியது. இருவருமே அதைப் பார்த்தோம். எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார், எனக்கும் சேர்த்து.

நான்கில் இரண்டு போய்விட்டன. அவை போனதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நூறு தடவைக்கு மேல் அந்த இடங்களைக் கடந்தேன், அவ்வளவுதான். சுற்று நேரம் 8 நிமிடம் 41 விநாடிக்கு வந்தது. போன மாதம் வீட்டுக் காரில் ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது, பின்னால் வந்த லாரிக்காரர் ஒலி எழுப்பியும் நான் ஓரம் ஒதுங்காமல் என் தடத்திலேயே போனதைக் கவனித்தேன். விளையாட்டு கற்றுத்தந்தது என்று சொல்லமாட்டேன். சாலையில் நான் முன்னைவிட மெதுவாகத்தான் போகிறேன். ஒரு கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

பொங்கல் விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருந்தாள். இரண்டாமாண்டு இயற்பியல். நான் டியூன் செய்த காரை அவளிடம் கொடுத்தேன். விளையாட்டில் நம் சிறந்த சுற்று ஒரு நிழல்காராகப் பதிந்துவிடும், அடுத்து ஓட்டுபவருக்கு முன்னால் கண்ணாடிபோல் ஓடும். அவள் என் நிழலைத் துரத்தினாள். இரண்டு சுற்று முடிந்ததும், ‘சித்தி, பின்பக்கத்த ரொம்ப இறுக்கிக் கட்டி வெச்சிருக்கீங்க. மூக்கு திரும்பவே மாட்டேங்குது’ என்றாள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றேன். ‘எனக்குப் பிடிக்கல’ என்று சொல்லிவிட்டு, என் அமைப்பை அப்படியே வைத்துவிட்டு, அதன் நகலொன்றை எடுத்துத் தன் பெயரில் சேமித்தாள். டிஃபரன்ஷியல் எண்ணைப் பாதியாகக் குறைத்தாள்.

ஃபுக்ஸ்ரோஹ்ர என்பது நரி ஓடும் குழாய்போலக் கீழே பாயும் இறக்கம். என் நிழல் அதன் அடியில் பிரேக் பிடித்தது. அவள் பிடிக்கவில்லை. நிழலை ஊடுருவிக்கொண்டு போனாள். ஏறி, அடெனாவர் ஃபோர்ஸ்ட் வளைவின் தடுப்பில் நேராகப் போய் மோதினாள்.

‘எண்ண மாத்தணுமா?’ என்றேன்.

‘வேணாம் சித்தி. கார் சரியாத்தான் இருக்கு, நான்தான் லேட்டு’ என்று சொல்லிக்கொண்டே மறுபடி தொடங்கும் பொத்தானை அழுத்தினாள்.