புது வடிகட்டியின் முதல் தண்ணீர்

புதிதாக வாங்கிய தண்ணீர் வடிகட்டியில் முதல் இரண்டு முறை வடியும் நீரைக் குடிக்கக் கூடாது. இதை நான் சொன்னதும் எங்கள் அசோக் நகர் வீட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. "நல்ல தண்ணியைக் கொட்டச் சொல்றியாம்மா?" என்று கேட்டார்கள் என் மாமி.

அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டதையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் ரயில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு சென்னைக்கு வந்ததையும் கண்டவர்கள் நாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில் ஒளூச் செய்தார்கள் என ஹதீஸ்கள் கூறுகின்றன. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவுதான் ஒரு முத்!

ஆயினும் குடிக்காமல் விடுவது வேறு, கொட்டுவது வேறு. அந்த நீரில் மண்வாடையும் சிறிது தூளும் இருக்குமேயன்றி, அது அசுத்த நீரன்று. ஒளூச் செய்யலாம், தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். இதைக் கேட்டதும் மாமி தாமே வாளியை எடுத்து வந்து குழாயடியில் வைத்தார்கள்.

நாங்கள் வாங்கியது மின்சாரம் வேண்டாத, இரண்டடுக்கு எவர்சில்வர் வடிகட்டி. ஆர்.ஓ. இயந்திரமே வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினார். உப்பு மிகுந்த போர்த் தண்ணீருக்கு அது தேவைதான். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவான நீருக்கு எதற்கு? ஒரு லிட்டர் தருவதற்குள் அதைவிட அதிகமான நீரை அது வெளியே தள்ளிவிடுகிறது.

பாத்திரங்களைச் சோப்பிட்டு நன்கு அலசுங்கள். கேண்டிலுக்கு மட்டும் சோப்பு ஆகாது, நுண்துளைகளில் புகுந்துகொள்ளும். வெறும் நீரில் கழுவி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். உள்ளே கரித்தூள் வைத்த கேண்டில்களும் உண்டு. அவற்றைக் கொதிநீரில் இடுமுன் உடன் வரும் தாளைப் படித்துவிடுங்கள். ரப்பர் வாஷரைச் சரியாகப் பொருத்தி, மரையைக் கையாலேயே முடுக்கினால் போதும். குறடு கொண்டு திருகினால் கேண்டிலின் அடிப்பாகம் உடையும். பிறகு மேலடுக்கில் நீரூற்றி, கேண்டில் பொருந்திய இடத்தில் கசிகிறதா எனப் பாருங்கள். கசிந்தால், வடியாத நீரே கீழே சேரும்.

வடிகட்டி வந்துவிட்டதென்று அடுப்பை மறந்துவிடாதீர்கள். கேண்டில் சேற்றையும் கிருமிகள் பலவற்றையும் தடுக்கும். மிகச் சிறிய வைரஸ்கள் தப்பிவிடக்கூடும். மஞ்சள் காமாலையைப் பரப்பும் கிருமியும் அவ்வகையே. எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால், வடித்த நீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து ஆற்றியே புகட்டுகிறோம். 'இதற்கா இத்தனை விலை?' என்றார் என் கணவர். சேறு நீங்கியிருப்பதால் பாத்திரத்தின் அடியில் வண்டல் தங்குவதில்லை; அந்த வசதிக்கே விலை தகும் என்பது என் கட்சி.

நீர் வடிவது மந்தமானால் கேண்டிலை மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வழக்கத்தைவிட வேகமாக வடிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கேண்டிலில் விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே மாற்றுங்கள். புதியதற்கும் முதல் இரண்டு தண்ணீர் வாளிக்குத்தான்.