ஒரே முகம், இரண்டு பார்வை

மட்ஸ் மிக்கல்சன் எண்டால் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கண்தான். 2006இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் படமான ‘கசினோ ரோயல்’இல், சீட்டாட்ட மேசையில் ஆடாமல் அசையாமல் இருக்கிற லு ஷிஃப்ரின் கண். அதிலிருந்து கண்ணீருக்குப் பதிலாக இரத்தம் வடியும். அதற்குப் பிறகு ஹொலிவூட்டில் அவருக்குக் கிடைத்த வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2013 தொடக்கம் 2015 வரை ஓடிய ‘ஹனிபல்’ தொலைக்காட்சித் தொடரில், மனிசரைச் சமைத்து விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிற மனநல வைத்தியர். ‘டொக்டர் ஸ்ட்ரேஞ்ச்’இல் வில்லன். ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ மூன்றாம் பாகத்தில் கிரிண்டல்வால்ட். 2023இல் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தில் நாசி விஞ்ஞானி. ‘ரோக் வன்’இல் மகளை நேசிக்கிற ஒரு தகப்பன், அங்கேயும் பேரழிவு ஆயுதத்தைக் கட்டிக்கொடுக்கிற வேலைதான்.

இப்ப அதே 2006இல் அவர் டேனிஷ் மொழியில் நடித்த படத்தை எடுப்போம். சூசன் பியர் இயக்கிய ‘ஆஃப்டர் த வெடிங்’. அதில் அவர் இந்தியாவில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்துகிறவர். அதற்குக் காசு தேடி கொப்பன்ஹேகனுக்குப் போகிறார், ஒரு கல்யாண வீட்டுக்கு அழைக்கப்படுகிறார், அங்கே மணப்பெண் தன் சொந்த மகள் எண்டு அறிகிறார். ஒரே ஆள், ஒரே முகம், ஒரே வருஷம். ஓரிடத்தில் பயங்கரவாதிகளின் வங்கிக்காரன். மற்ற இடத்தில் பிள்ளைகளை விட்டுப்போக மனமில்லாத மனிசன்.

இதை வெறுமனே ‘நல்ல நடிகர், எதையும் செய்வார்’ எண்டு சொல்லிக் கடந்துபோகலாம். எங்களுக்கு அது போதாது. 1965இல் கொப்பன்ஹேகனில் பிறந்தவர் அவர். முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி, பிறகு பல வருஷம் நடனக் கலைஞராக இருந்து, அதற்குப் பிறகுதான் ஓஹூஸ் நகரத்தில் நாடகப் பள்ளிக்குப் போனார். முதல் முழுநீளப் படமான ‘புஷர்’ 1996இல், முப்பது வயதில். 2000க்குப் பிறகு ஒரு பொலிஸ் தொடர் அவரை டென்மார்க்கின் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கிட்டத்தட்ட அறுபது இலட்சம் பேர் வாழ்கிற நாடு அது. திரும்பத் திரும்ப அதே சில இயக்குநர்கள், அதே சில நடிகர்கள். அதனால் ஒருத்தருக்கே எல்லா வேடமும் வரும். அண்டர்ஸ் தொமஸ் யென்சன் இயக்கிய ஒவ்வொரு முழுநீளப் படத்திலும் மிக்கல்சன் இருக்கிறார்: இறைச்சிக் கடைக்காரராக, உலகத்தில் கெட்டதே இல்லை எண்டு பிடிவாதம் பிடிக்கிற பாதிரியாராக, பழிவாங்க அலைகிற இராணுவக்காரராக. தன் மொழியில் அவருக்கு அயலவர் முகம். ஆங்கிலத்தில் வேற்று உச்சரிப்போடு கதைக்கத் தொடங்கினவுடனே அந்த முகத்துக்கு வேற அர்த்தம் வந்துவிடுது. முகம் மாறவில்லை. பார்க்கிற கண்தான் மாறியிருக்கு.

இந்த இடத்தில்தான் ‘த ஹன்ட்’ எங்களுக்கு முக்கியமாகப் படுது. தொமஸ் வின்டர்பேர்க் இயக்கத்தில் 2012இல் வந்த படம். கான் விழாவில் மிக்கல்சனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. சின்ன ஊர் ஒன்றில் பாலர் பாடசாலையில் வேலை செய்கிற லூக்கஸ். அவருடைய நெருங்கிய கூட்டாளியின் மகள் கிளாரா கோபத்தில் ஒரு வசனம் சொல்கிறாள். அடுத்த நாளே ஊர் முழுக்க அவரை வேற ஆளாகப் பார்க்கத் தொடங்குது. கடையில் சாமான் விற்க மறுக்கிறார்கள், அடித்து வெளியே போடுகிறார்கள். ஒரு முகம் மற்றவர்களின் கண்ணில் எப்படி வில்லன் முகமாகுது எண்டதுதான் முழுப்படமும்.

இந்தப் படம் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிள்ளை பொய் சொல்லி ஓர் ஆம்பிளையின் வாழ்க்கை நாசமாகுது எண்ட கதையை, முறைப்பாடு செய்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிராகப் பாவிக்கலாமே எண்டு எங்களில் சிலர் கேட்டார்கள். நியாயமான பயம். பெரும்பாலான இடங்களில் பிள்ளை வாய் திறந்தால் ‘பேசாமல் இரு’ எண்டுதான் சொல்லுவினம். லூக்கஸ் நிரபராதி எண்டு எங்களுக்குத் தொடக்கத்திலேயே தெரியும்; உண்மையான வாழ்க்கையில் அந்த வசதி ஒருத்தருக்கும் இல்லை.

ஆனால் படத்தைக் கவனித்துப் பார்த்தால் குற்றம் கிளாராவின் தலையில் போடப்படவில்லை. அவளைக் கேள்வி கேட்கிற பெரியவர்கள் பதிலையும் தாங்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறகு ‘நான் சும்மா சொன்னனான்’ எண்டு அவள் சொல்ல வரும்போது, அதிர்ச்சியில் மறந்துபோனாய் எண்டு தாய் அவளின் வாயை அடைக்கிறார். முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதைக் கேட்கவே இல்லை. பிள்ளையை நம்புவது வேற, பிள்ளை சொல்வதைக் கேட்பது வேற. இந்த வித்தியாசத்தைத்தான் எங்கள் வாக்குவாதத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

இந்தப் படத்தை மிக்கல்சன் தாங்குகிற விதம் அதிசயம். நிரபராதி எண்டு கத்திக் கூப்பாடு போடுவதில்லை. நத்தார் இரவில் தேவாலயத்தில், அடிபட்டு வீங்கின முகத்தோடு, திரும்பித் திரும்பிப் பின்னுக்கு இருக்கிற தன் கூட்டாளியைப் பார்க்கிறார். எழும்பிப் போய் அவன்மேல் பாய்வதற்கு முதல், அந்தப் பார்வையே எல்லாவற்றையும் சொல்லிவிடுது. லு ஷிஃப்ரில் எங்களைப் பயப்படுத்தின அதே அசையாத முகம், இங்கே எங்களைக் கூசவைக்குது.

எட்டு வருஷத்துக்குப் பிறகு அதே இயக்குநரோடு ‘அனதர் ரவுண்ட்’. படப்பிடிப்பு தொடங்கி நாலு நாளில் வின்டர்பேர்க்கின் மகள் ஈடா வாகன விபத்தில் இறந்துபோனார். படம் அவருக்கே சமர்ப்பணம். 2021இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. சலிப்படைந்த வரலாற்று ஆசிரியராக மிக்கல்சன் படம் முழுக்க உடம்பை இறுக்கி வைத்திருக்கிறார். கடைசியில், கூட்டாளி ஒருத்தரின் செத்தவீடு முடிந்த அன்று, துறைமுகத்தில் மாணவர்கள் பள்ளி முடித்ததைக் கொண்டாடும்போது, அவர் ஆடத் தொடங்குகிறார். அது சந்தோஷமா துக்கமா எண்டு பிரித்துச் சொல்ல முடியாத ஆட்டம். பழைய நடனக்காரரின் உடம்பு அங்கேதான் முழுசாக வெளியே வருது.

வில்லனாக மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் இந்த இரண்டு படங்களையும் தேடிப் பாருங்கள். சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும். ‘த ஹன்ட்’ஐ முதலில் பாருங்கள், முடிந்தால் தனிய இல்லாமல் நாலு பேரோடு. முடிந்த பிறகு கட்டாயம் சண்டை வரும். அந்தச் சண்டை தேவையானது.