வாசல்படிக்கும் ஒரு கணக்கு உண்டு

திருவான்மியூரின் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் வயதை வாசல்படியைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்பு கட்டிய வீடு என்றால், அன்று தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போயிருப்பார்கள். இன்று அதே வீட்டுக்குள் ஒரு படி இறங்கிப் போகிறார்கள். வீடு தாழ்ந்துவிடவில்லை. தெருதான் உயர்ந்துவிட்டது. பழைய தார் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் உயரம் ஏறியதன் பலன் அது.

ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் இதன் அருமை புரியும். தெருவில் பெய்த மழை நேராகக் கூடத்துக்கு வந்துவிடும். அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க முறை வைத்து விழித்திருக்கிற குடும்பங்கள் உண்டு. வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, அதைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிக்கொள்கிறார்கள்.

இதற்கு விதியே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும். 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை வலியுறுத்தி அதிகாரிகளுக்கு எழுதினார். ஆக, விதி காகிதத்தில் இருக்கிறது, தண்ணீர் கூடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது ஒரு நோட்டில் இருக்கிறது. அதன் பெயர் அளவுப் புத்தகம். அலுவலகப் பேச்சில் 'எம் புக்'. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று பொறியாளர் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகும்.

அந்த நோட்டைத் தெருவில் குடியிருப்பவர் கேட்டுப் பார்க்க முடியுமா? முடியும். 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஆவணத்தின் நகலைக் கேட்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிடவில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூட உரிமை தருகிறது. போட்ட சாலையிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்கும் தெரியாத செய்தி.

இந்தச் சட்டத்தின் கதையில் சென்னைக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவரான அருணா ராய் பிறந்தது இந்த ஊரில்தான். சிறுமியாக இருந்தபோது நாட்டியமும் சங்கீதமும் கற்க கலாக்ஷேத்ராவில் சேர்க்கப்பட்டார். இன்று திருவான்மியூரின் அடையாளமாக இருக்கும் கலாக்ஷேத்ரா அப்போது அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் இருந்தது. பிற்பாடு ஐ.ஏ.எஸ். ஆன அருணா ராய், சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனார். 1990-ல் அங்கே மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு பிறந்தது.

அந்தக் கிராமங்களில் பிரச்னை கூலி. பஞ்ச நிவாரண வேலை செய்தவர்களுக்கு முழுக் கூலி வரவில்லை. கேட்டால், 'ரெக்கார்டில் நீ அவ்வளவுதான் வேலை செய்திருக்கிறாய்' என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த ரெக்கார்டைக் காட்டு என்றார்கள் மக்கள். 1994 டிசம்பரில் கோட் கிராணா என்ற ஊரில் பந்தல் போட்டு, வருகைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். இப்படி நடந்த கூட்டங்களில் செத்துப்போனவர்கள் கூலி வாங்கியதாகக் கணக்கு இருந்தது தெரியவந்தது. கட்டாத கட்டடத்துக்கு பில் இருந்தது. 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா நடந்தது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்களின் முழக்கம்.

அதிகம் படிக்காத சுசீலா என்ற கிராமத்துப் பெண்ணிடம், உனக்கு எதற்குத் தகவல் உரிமை என்று பத்திரிகையாளர்கள் கேட்டபோது, அவர் வீட்டுக் கணக்கையே பதிலாகச் சொன்னார். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரில் கோடி கோடியாகச் செலவு செய்கிற அரசிடம் கேட்கக் கூடாதா என்பது அவர் சொன்னதன் சாரம். இதைவிட எளிமையாக இந்தச் சட்டத்தை யாரும் விளக்கியதில்லை.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம். மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997-ல், இங்கே தகவல் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. விதிவிலக்குகள் நிறைய இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. இப்போதுள்ள சட்டம் அப்படியல்ல. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இங்கேதான் புகாருக்கும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. 'எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது' என்பது புகார். மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் அது முடிந்தது. 'எங்கள் தெருவில் கடைசியாக எப்போது சாலை போடப்பட்டது, எத்தனை மில்லிமீட்டர் சுரண்டப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், உத்தரவாதக் காலம் எதுவரை, அளவுப் புத்தகத்தின் நகல் வேண்டும்' என்பது கேள்வி. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தால், சரிசெய்யும் செலவு ஒப்பந்ததாரருடையது. அந்த ஒரு தேதி தெரியாததால்தான் பல இடங்களில் மக்கள் வரிப்பணம் இரண்டாம் முறை செலவாகிறது.

ஆனால், தாளில் வந்த பதிலை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவது? கிராமத்துக்குக் கிராம சபை உண்டு. 1688-ல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் மக்களுக்கு அப்படி ஒன்று வெகுகாலம் இல்லை. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை இந்த நகரத்தில் கவுன்சிலர்களே கிடையாது. அந்த ஆண்டுதான் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, அங்கே வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் கவுன்சிலர் தலைமையில் கூடிப் பேசலாம். இப்படியொரு சபை இருப்பதே தெரியாத வீடுகள் நிறைய. தெரிந்த வீடுகளிலும், 'நமக்கெதுக்குப்பா வம்பு, நாளைக்கு தண்ணி லாரிக்கு அவங்ககிட்டதானே போய் நிக்கணும்' என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிடுவார்.

அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அபார்ட்மென்ட்டில் இருப்பவருக்கு அசோசியேஷன் இருக்கிறது. மனு எழுதத் தெரிந்த ரிட்டயர்டு அதிகாரி ஒருவராவது இருப்பார். கடலோரக் குப்பத்தில் பொதுக் குழாயையும் பொதுக் கழிப்பறையையும் நம்பி இருப்பவருக்குத்தான் கேள்வியின் தேவை அதிகம். கேட்பதன் ஆபத்தும் அதிகம். ஒருவர் தனியாகக் கேட்டால் அவர் வம்புக்காரர். தெருவே சேர்ந்து சபையில் கேட்டால் அது தீர்மானம். மனு எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவரின் தெருவுக்கும் சேர்த்து ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொரு கவலையும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2023-ல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வரத் தொடங்கிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவை மாற்றிவிட்டது. முன்பு தனிநபர் தகவல் என்று மறுக்க வேண்டுமானால், அதற்கும் பொது வேலைக்கும் சம்பந்தமில்லை என்றாவது காட்ட வேண்டும். இப்போது 'தனிநபர் தகவல்' என்ற இரண்டு சொல்லே மறுக்கப் போதும். பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற வேறொரு பிரிவு மிச்சம் இருக்கிறது. அந்தரங்கம் எல்லோருக்கும் தேவைதான். ஆனால் கோட் கிராணாவில் உண்மை வெளிவந்தது, பதிவேட்டில் இருந்த பெயர்களை உரக்கப் படித்ததால். பெயரில்லாத கணக்கில் செத்தவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார் என்று எப்படித் தெரியும்?

ஆகவே கேட்கிறவர்கள் காலம் பார்த்துக் கேட்பது நல்லது. மழை வந்த பிறகு கேட்டால் சமாதானம்தான் கிடைக்கும். தெருவுக்குச் சாலை போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபடும்போதே, வேலை உத்தரவின் நகலும் எவ்வளவு ஆழம் சுரண்ட வேண்டும் என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும். இயந்திரம் வந்து நிற்கிற அன்று தெருவில் நாலு பேர் ஒரு டேப்போடு வந்து நின்றால், அளவுப் புத்தகத்தில் எழுதுகிறவரும் ஒருமுறை குனிந்து அளந்துதான் எழுதுவார்.